ஒரே ஆள், பல நாற்காலி

ஊராட்சி மன்றத்திலோ நகராட்சி மன்றத்திலோ உறுப்பினராக இருக்கிறவர், அதே ஆட்சியின் கீழ் சம்பளம் வாங்கும் வேலையிலும் அமர்ந்தால் என்ன குடிமுழுகிப் போய்விடும் என்று கேட்போர் உண்டு. நல்லவராக இருந்தால் இரண்டு வேலையையும் ஒழுங்காகச் செய்வார்; கெட்டவராக இருந்தால் ஒரு வேலையிலேயே சுருட்டிவிடுவார்; நாற்காலி ஒன்றா இரண்டா என்று எண்ணிப் பார்ப்பதிலே என்ன இருக்கிறது என்பது அவர்கள் வாதம். கேட்பதற்குச் சரிபோலத்தான் தோன்றும். நாம் வாதத்துக்கு எதிர்வாதம் வைக்கப் போவதில்லை. ஒரு மனிதனின் கதையைச் சொல்லப் போகிறோம்.

அமெரிக்க நாட்டிலே, நியூயார்க் நகரிலே, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு கொடிகட்டிப் பறந்தவன் அவன். வில்லியம் ட்வீட் என்பது பெயர். பாஸ் ட்வீட் என்றால்தான் உலகுக்குத் தெரியும். பாஸ் என்றால் எசமான். அரசனுமல்ல, கவர்னருமல்ல, மேயர்கூட அல்ல; ஆனால் மேயரை உட்கார வைத்தவன், கவர்னரை அனுப்பி வைத்தவன், நீதிபதிகளைத் தன் வீட்டு விருந்தாளிகளாக வைத்திருந்தவன்.

அரண்மனையிலே பிறந்தவனல்ல. 1823 ஏப்ரல் 3-ல் நியூயார்க்கின் செர்ரி தெருவிலே, நாற்காலி செய்து விற்கும் ஒரு தொழிலாளியின் மகனாகப் பிறந்தான். சிறுவயதிலேயே பள்ளியை விட்டான். தகப்பன் பட்டறையிலே வேலை கற்றான். பிறகு கணக்கு எழுதவும் கற்றுக்கொண்டான். நாற்காலி செய்கிறவன் மகனுக்குப் பின்னாளிலே நாற்காலி மோகம் பிடித்துக்கொண்டது ஏன் என்று வேடிக்கையாகக் கேட்கலாம். ஆனால் அவனது தொடக்கம் வேடிக்கையல்ல. உழைப்பாளர் தெருவிலே பிறந்து, உழைப்பாளர் மொழியிலே பேசி, அவர்கள் தோளிலே ஏறி மேலே வந்தவன் என்பதை நாம் மறக்காமல் இருந்தால்தான் கதையின் கசப்பு புரியும்.

அந்த நாளில் நியூயார்க்கிலே தீயணைக்கச் சம்பளப் படை கிடையாது. தெருவுக்குத் தெரு இளைஞர்கள் தாங்களாகவே சேர்ந்து குழு அமைத்து, வண்டியை இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். ஆறாம் எண் அமெரிக்கஸ் குழுவுக்கு ட்வீட் தலைவனானான். ஆறடி உயரம், அகன்ற மார்பு, உரத்த குரல். வண்டியின் முகப்பிலே சீறும் புலித்தலை தீட்டப்பட்டிருந்தது. அந்தப் புலியை நினைவிலே வைத்துக்கொள்ளுங்கள், பின்னாலே வரும். தீயணைக்கும் குழு என்பது வெறும் தீயணைக்கும் குழுவல்ல. எழுபது எண்பது வாலிபர்கள் ஒருவன் பின்னாலே ஓடினால், அவனைத் தேடி அரசியல் வராமலா போகும்? வந்தது.

1851-ல் நகர மன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டான். அந்த மன்றத்திலே மேலவைக்கு 20 பேர், கீழவைக்கு 20 பேர். ஊரார் வைத்த பெயர் நாற்பது திருடர்கள். டிராம் வண்டி ஓட்ட உரிமை, படகுத்துறைக் குத்தகை என்று எதைக் கொடுத்தாலும் கையிலே ஏதாவது விழும் என்பது ஊரறிந்த செய்தி. அடுத்து அமெரிக்கக் காங்கிரசுக்குப் போய் 1853 முதல் 1855 வரை இருந்தான். அங்கே அவனுக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காததில் வியப்பில்லை. தேசத்துக்குச் சட்டம் செய்யும் சபையிலே நின்று, வார்டிலே இருக்கிற வேலையற்றவனுக்கு வேலை போட்டுக் கொடுக்க முடியாது. கான்ட்ராக்டருக்குப் பில் பாஸ் செய்து தரவும் முடியாது. தலைநகரைவிட உள்ளூரே உயிருள்ள இடம் என்று அவன் கண்டுகொண்டான். இன்றும் பலர் அறியாத உண்மையை அவன் அன்றே அறிந்தான்.

இனித்தான் முக்கியமான இடம். நியூயார்க் என்ற ஒரே நிலப்பரப்புக்கு அன்று இரண்டு ஆட்சி. ஒன்று நகர ஆட்சி. மற்றொன்று கவுண்டி ஆட்சி. நம் பக்கத்திலே முன்பு இருந்த ஜில்லா போர்டை நினைத்துக்கொண்டால் ஓரளவு பொருந்தும். ஊர் ஒன்று, மக்கள் ஒன்று, வரி செலுத்தும் கை ஒன்று. கஜானா மட்டும் இரண்டு. கவுண்டிக் கணக்கைக் கவனிக்க மேற்பார்வை மன்றம் என்று ஒன்று இருந்தது. நகரிலே டெமாக்ரட் கட்சி கொள்ளையடிக்கிறது என்று சொல்லி, மாநிலச் சட்டசபையிலே வலுவாயிருந்த ரிபப்ளிகன் கட்சியார் 1857-ல் அந்த மன்றத்தை மாற்றி அமைத்தார்கள். 12 உறுப்பினர், 6 பேர் இந்தக் கட்சி, 6 பேர் அந்தக் கட்சி. ஒருவரை ஒருவர் கண்காணிப்பார்கள், களவு நடக்காது என்பது எண்ணம். காகிதத்திலே அழகான திட்டம்!

1858-ல் ட்வீட் அந்த மன்றத்திலே உட்கார்ந்தான். 1870-ல் மன்றமே கலைக்கப்படும் வரையில் எழுந்திருக்கவில்லை. கண்காணிப்பு என்ன ஆயிற்று? தேர்தல் அதிகாரிகளை நியமிக்கும் நாளன்று மட்டும் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் வீட்டிலேயே இருந்துவிட்டால் போதும், 6-க்கு 5 என்று ஆகிவிடும். அப்படி வராமல் இருப்பதற்கு ஒருவருக்கு 2,500 டாலர் கொடுத்ததாகப் பின்னாளிலே ட்வீட்டே விசாரணையில் சொன்னான். கவுண்டிக்குச் சரக்கு விற்பவர்களிடம் நூற்றுக்கு 15 என்று மாமூல் வாங்கியதையும் சொன்னான். இரு கட்சியாரும் சேர்ந்து பங்கு போட்டுக்கொள்ளும்போது யார் யாரைக் கண்காணிப்பது?

இதுவரை ஒரு நாற்காலி. 1861-ல் ஷெரீப் பதவிக்கு நின்று தோற்றான். அப்போது அவனிடம் பெரிய செல்வம் எதுவும் இல்லை. ஆனால் 1860-களின் தொடக்கத்திலேயே நகரத் தெருத்துறையின் துணை ஆணையர் வேலை கிடைத்தது. சம்பளமுள்ள உத்தியோகம். பெயருக்குத்தான் துணை. துறை முழுவதும் அவன் கையிலே. தெரு அகலப்படுத்துவது, கல் பாவுவது, சாக்கடை தோண்டுவது, கூலியாள் எடுப்பது எல்லாம் அவன் விருப்பம். மன்றத்திலே உட்கார்ந்து பணம் ஒதுக்கும் மெம்பரும் அவனே. வெளியே வந்து வேலைக்கு ஆள் வைக்கும் அதிகாரியும் அவனே! சட்டம் தடுக்கவில்லையா என்றால், மன்றம் கவுண்டியைச் சேர்ந்தது, தெருத்துறை நகரத்தைச் சேர்ந்தது, இரண்டும் வேறு வேறு என்று சொல்லிக்கொள்ள வழியிருந்தது. சட்டைப்பை இரண்டுதான். சட்டை ஒன்றுதானே!

சம்பளத்தை அவன் பெரிதாக மதித்ததாகத் தெரியவில்லை. அந்த வேலையின் மதிப்பு கூலிப் பட்டியலிலே இருந்தது. ஆயிரக்கணக்கானவர்களுக்கு நகர வேலை கிடைத்தது. அவர்களிலே மண்வெட்டி பிடித்து உண்மையாக உழைத்தவர்களும் உண்டு. பளபளக்கும் தொப்பி போட்டுக்கொண்டு சம்பள நாளன்று மட்டும் வந்தவர்களும் உண்டு. இரு சாராரும் தேர்தல் நாளன்று வந்தார்கள். 1863-ல் டெமாக்ரட் கட்சியின் நகரக் கோட்டையான டாமனி ஹாலின் தலைமையும் அவனிடம் வந்தது.

பிறகு ஒன்றன்மேல் ஒன்றாக ஏறினான். வழக்கறிஞர் படிப்புப் படிக்காதவன். ஆனால் நண்பரான நீதிபதி பர்னார்ட் அவனை வழக்கறிஞராகப் பதிவு செய்து கொடுத்தார். 1867-ல் மாநில செனட்டராகத் தேர்ந்தெடுக்கப்பட்டான். அடுத்த ஆண்டு ஈரி ரயில்வே கம்பெனியின் டைரக்டரானான். அந்தக் கம்பெனிக்கு வேண்டிய சட்டத்தைச் செய்கிறவன் செனட்டர் ட்வீட்; சட்ட ஆலோசனை என்ற பெயரில் பணம் வாங்குகிறவன் வழக்கறிஞர் ட்வீட். நகரப் பணம் போட்டுவைக்கப்பட்ட பத்தாவது தேசிய வங்கியிலே டைரக்டர். நகருக்கு வேண்டிய காகிதம் முழுவதும் அச்சடித்த நியூயார்க் அச்சுக் கம்பெனி அவனுடையது. ரயில் கம்பெனிக்காரர்களும் இன்சூரன்சு கம்பெனிக்காரர்களும் அந்த அச்சகத்துக்கே வேலை கொடுத்தார்கள். கொடுக்காவிட்டால் சட்டசபையிலே என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். காஸ் விளக்குக் கம்பெனி, டிராம் கம்பெனி, புரூக்ளின் பாலக் கம்பெனி என்று பட்டியல் நீளுகிறது. நமக்கு மூச்சு வாங்குகிறது, நிறுத்திக்கொள்கிறோம். பத்தே ஆண்டில் நகரிலேயே மூன்றாவது பெரிய நிலச் சொந்தக்காரன் என்ற நிலைக்கு வந்துவிட்டான். 1871-ல் மகள் திருமணத்துக்கு வந்த பரிசுகள் 7 லட்சம் டாலர் பெறும் என்று பத்திரிகைகள் எழுதின.

இப்போது அந்தக் கட்டடத்துக்கு வருவோம். கவுண்டி நீதிமன்றக் கட்டடம்! நீதி வழங்கக் கட்டிய மாளிகை! 1858-ல் அதற்காக ஒதுக்கிய தொகை 2,50,000 டாலர். கடைசியில் விழுங்கியது ஏறத்தாழ 1 கோடியே 30 லட்சம் டாலர். 1867-ல் அமெரிக்கா ரஷ்யாவிடமிருந்து அலாஸ்கா என்ற பெருநிலப்பரப்பை வாங்கியதே, அதற்குக் கொடுத்த விலை 72 லட்சம் டாலர். ஒரு கட்டடத்துக்கு ஏறத்தாழ இரண்டு அலாஸ்கா!

எப்படி விழுங்கியது? மாசசூசெட்ஸ் மாநிலத்திலே ஷெஃபீல்டு என்ற ஊரிலே ஒரு பளிங்குச் சுரங்கம். ட்வீட்டும் கூட்டாளிகளும் அதை வாங்கினார்கள். கட்டடத்துக்குப் பளிங்கு அங்கிருந்து வந்தது. விற்பவன் ட்வீட். வாங்க முடிவு செய்யும் மன்றத்தில் ட்வீட். விலை நியாயமா என்று பார்க்க வேண்டியவனும் ட்வீட். மூன்று தச்சு மேசைக்கும் நாற்பது நாற்காலிக்கும் 1,79,729 டாலர் என்று ஒரு பில். நாற்காலிக்காரன் மகனுக்கு நாற்காலியின் விலை தெரியாதா, என்ன?

பூச்சு வேலைக் கான்ட்ராக்டர் கார்வி. இரண்டே நாள் வேலைக்கு அவர் பெயரில் போன தொகை 1,33,187 டாலர். ஊரார் அவருக்குப் பூச்சுக்காரர்களின் இளவரசர் என்று பட்டமே கொடுத்துவிட்டார்கள். அந்த நாளிலே நகரக் கூலியாளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 டாலர். ஆண்டுக்கு 300 நாள் வேலை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தோம். இரண்டு நாள் பூச்சு வேலைக்குப் போன பணத்தைச் சம்பாதிக்க அந்தக் கூலியாள் 222 ஆண்டு உழைக்க வேண்டும். அவன் பேரனுக்குப் பேரன் வந்தாலும் முடியாது.

பணம் முழுவதும் கார்விக்குப் போய்விட்டதா? இல்லை. நூறு டாலர் பில்லிலே வேலை செய்தவனுக்கு 35 டாலர். மீதி 65 டாலர் கூட்டத்துக்கு. கூட்டம் என்றால் நால்வர். மேயர் ஹால், நிதிக் கணக்கை வைத்திருந்த கம்ப்ட்ரோலர் கானலி, நகரப் பொருளாளராயிருந்த ஸ்வீனி, நம் ட்வீட். ட்வீட்டின் பங்கு மட்டும் 25. எடுத்த எடுப்பிலேயே 65 அல்ல. தொடக்கத்திலே 10, 15. போகப் போகப் பாதி. பிறகு பாதிக்கு மேலே. பசி வளர்ந்தது. தடுக்கிறவர் இல்லாதபோது வளரத்தானே செய்யும்? கார்வி போன்றவர்களும் ஏழைகளல்லர். ஆனால் ஒன்று கவனியுங்கள். நேர்மையாகப் பில் போட்டவனுக்குப் பணம் வரவில்லை. வேலையைச் செய்துவிட்டு மாதக்கணக்கில் நடந்தான். தொகையை ஏற்றிப் போட்டவனுக்கு மறுநாளே வந்தது. நேர்மை நஷ்டம், களவு லாபம் என்று ஒரு நகரமே கற்றுக்கொண்டது.

1870-ல் புதிய நகரச் சாசனம் வந்தது. செனட்டர் ட்வீட் பணத்தை வாரியிறைத்து நிறைவேற்றிய சாசனம். மேற்பார்வை மன்றம் கலைந்தது. கவுண்டி கொடுக்க வேண்டிய பழைய பாக்கிகளைத் தணிக்கை செய்து தீர்க்க இடைக்காலத்துக்கு மூவர் குழு ஒன்று அமைந்தது. யார் அந்த மூவர்? மேயர் ஹால், கம்ப்ட்ரோலர் கானலி, கலைந்த மன்றத்தின் தலைவர் என்ற முறையிலே ட்வீட். அதே நேரத்திலே ட்வீட்டுக்குப் புதிதாகப் பொதுப்பணி ஆணையர் பதவியும் வந்து சேர்ந்தது.

மூவர் குழு கூடியது ஒரே ஒரு நாள். 1870 மே 5. பில்களைப் பார்க்கும் வேலையைக் கவுண்டித் தணிக்கையாளர் வாட்சனிடம் ஒப்படைத்தார்கள். அவர் பார்த்து எழுதித் தரட்டும், நாம் கையெழுத்துப் போடுவோம் என்று தீர்மானம். வாட்சன் யார்? பங்குப் பணத்தைப் பிரித்துக் கொடுக்கும் ஆளே அவர்தான்! அப்படிப் போட்ட கையெழுத்திலே போன தொகை 63 லட்சம் டாலர். அதிலே 9 லட்சம் டாலருக்கு மேல் ட்வீட்டின் சொந்தக் கணக்கிலே வந்து விழுந்தது என்பதை, வழக்கறிஞர் டில்டன் பிராட்வே வங்கியின் ஏடுகளை வரிவரியாகப் பார்த்து 1871-ல் வெளியிட்டார். அந்த மேசையிலே நடந்ததை எண்ணிப் பாருங்கள். ஒரு கை பில்லை நீட்டுகிறது. ஒரு கை சரி என்று ஒப்புகிறது. ஒரு கை பணத்தை வாங்கிக்கொள்கிறது. மூன்று கையும் ஒரே உடம்பிலே! கூடாது என்று சொல்ல வேண்டிய நாக்கு அந்த உடம்பிலே எங்கிருந்து வரும்?

மக்கள் ஏன் பொறுத்திருந்தார்கள்? தோழர்களே, இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். அயர்லாந்திலே பஞ்சம் தாங்காமல் கப்பலேறி வந்த ஏழைகளால் அந்நகரம் நிரம்பியிருந்தது. வேலை வேண்டுமா, அடுப்புக்கு நிலக்கரி வேண்டுமா, குடியுரிமைச் சீட்டு வேண்டுமா, வீட்டிலே இழவா, எல்லாவற்றுக்கும் கதவைத் தட்ட ஒரே இடம் டாமனியின் வார்டு ஆள். பணக்காரர்களின் கட்சி அவர்களை ஏளனம் செய்தது. ட்வீட்டின் ஆள் கைகொடுத்தான். 1870-71 குளிர்காலத்திலே தன் பழைய வார்டின் ஏழைகளுக்கு 50,000 டாலர் கொடுத்தான். மருத்துவமனைக்கு, அநாதை இல்லத்துக்கு, கத்தோலிக்கப் பள்ளிக்கு அரசுப் பணம் வாங்கிக் கொடுத்தான். இவற்றை மறைத்துவிட்டு அவனைப் பூதமாகக் காட்டுவது நமக்கு வேலையல்ல. அந்த உதவி உண்மையானது. ஆனால் அந்த 50,000 டாலரும், கார்வியின் இரண்டு நாள் பூச்சுக் கணக்கும் ஒரே கஜானாவிலிருந்து வந்தவை என்பதும் உண்மை. மூன்று ஆண்டுக்குள் நகரின் கடன் இரண்டு மடங்குக்கு மேலே ஏறிவிட்டது. வீட்டு வரி ஏறினால் வாடகை ஏறும். வாடகை கொடுப்பவன் யார்? குளிர்காலத்திலே நிலக்கரி வாங்கிக்கொண்டு வாழ்த்தினானே, அவன்தான்.

பெரிய மனிதர்களாவது கேட்டார்களா? 1870 நவம்பரிலே, தேர்தலுக்குச் சற்று முன்பு, ஆஸ்டர் என்ற கோடீசுவரர் தலைமையிலே ஆறு செல்வர்கள் கம்ப்ட்ரோலரின் கணக்கைச் சில மணி நேரம் பார்த்துவிட்டு, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று சான்று கொடுத்தார்கள். ஏழை ஏமாந்தான் என்று ஏசுகிற ஏடுகள் இந்த அறுவரின் கண் எப்படி மூடியது என்று அதிகமாகக் கேட்பதில்லை.

வீழ்ச்சி வெளியிலிருந்து வரவில்லை. பங்குச் சண்டையிலே வந்தது. 1871 சனவரியிலே பனிச்சறுக்கு வண்டி விபத்திலே வாட்சன் இறந்தார். கணக்கு வேறு கைக்குப் போனது. முன்னாள் ஷெரீப் ஓ'பிரையன் தனக்கு வரவேண்டிய தொகை என்று கேட்ட பணத்தை நகரம் கொடுக்கவில்லை. கோபம் கொண்டார். கணக்கு ஏடுகளின் நகல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகைக்குப் போய்ச் சேர்ந்தது. 1871 ஜூலையிலே பக்கம் பக்கமாக வெளிவந்தது. ஆங்கிலம் அறியாத தொழிலாளருக்காக ஜெர்மன் மொழியிலும் அச்சடித்தார்கள். ஹார்ப்பர்ஸ் வார ஏட்டிலே நாஸ்ட் என்ற ஓவியர் படம் படமாகப் போட்டார். எழுதிய கட்டுரையை எழுத்தறியாதவன் தாண்டிப் போவான். படத்தைத் தாண்டிப் போவானா? பழைய தீயணைப்பு வண்டியிலே இருந்த புலி, இப்போது டாமனியின் புலியாக நாஸ்டின் படத்திலே வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அந்த நாஸ்ட் அயர்லாந்து ஏழைகளைக் குரங்கு முகத்தோடு வரைந்தவர் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். நல்ல காரியம் செய்தவரெல்லாம் ஏழையின் நண்பரல்லர்.

செப்டம்பரிலே பொதுக்கூட்டம் கூடி எழுபதின்மர் குழு அமைந்தது. நகரப் பணத்தைச் செலவிடக் கூடாது என்று தடையுத்தரவு பிறந்தது. பிறப்பித்தவர் யார்? ட்வீட்டை வழக்கறிஞராக்கினாரே, அதே பர்னார்ட்! காற்றடிக்கும் திசை பார்த்தார். தடையுத்தரவால் முதலில் அடிபட்டது யார் என்றால், தெருவிலும் பூங்காவிலும் வேலை செய்த கூலியாட்கள். அவர்கள் கூலி நின்றது. கொள்ளையடித்தவன் மாளிகையிலே இருக்க, குழி தோண்டியவன் கூலி கேட்டு நகர மண்டபத்துக்கு நடந்தான். கம்ப்ட்ரோலர் அலுவலகத்திலிருந்த பில்கள் ஓர் இரவிலே களவு போயின.

அக்டோபரிலே ட்வீட் கைதானான். ஜாமீனில் வந்தான். நவம்பர் தேர்தலிலே அவன் கூட்டம் தோற்றது. அவன் மட்டும் தன் தொகுதியிலே வென்றான்! ஆனால் செனட் நாற்காலியிலே மீண்டும் உட்காரவில்லை. வாழ்நாளிலே அவன் உட்காராமல் விட்ட நாற்காலி அது ஒன்றுதான் போலும்.

வழக்கு என்ன என்பதைக் கேளுங்கள். திருடினான் என்றல்ல. 55 பில்களைத் தணிக்கை செய்யக் கடமைப்பட்டவன், தணிக்கை செய்யாமல் கையெழுத்திட்டான் என்பதே வழக்கு. பில்லுக்கு நான்கு குற்றச்சாட்டு வீதம் 220. முதல் விசாரணையிலே 1873 சனவரியில் ஜூரிகள் ஒத்துப்போகவில்லை. இரண்டாம் விசாரணையிலே அதே ஆண்டு நவம்பரில் 204 குற்றச்சாட்டுகளிலே குற்றவாளி என்றார்கள். 12 ஆண்டுச் சிறை. 12,750 டாலர் அபராதம். மேல்நீதிமன்றம் 1875-ல் அத்தனை தண்டனையை அடுக்கடுக்காகக் கொடுக்கக் கூடாது என்று விடுவித்தது. வாசலிலேயே மறுபடி பிடித்தார்கள். 60 லட்சம் டாலர் கேட்டு அரசு தொடுத்த உரிமை வழக்கு. ஜாமீன் தொகை 30 லட்சம் டாலர். கட்ட ஆளில்லை. லட்லோ தெருச் சிறை. 1862-ல் கட்டிய கவுண்டிச் சிறை அது. கட்டியபோது கவுண்டி மன்றத்திலே அவன் மெம்பர்.

1875 டிசம்பர் 4-ல் காவலர்களோடு வீட்டுக்குப் போனவன் நழுவினான். மறைந்து திரிந்து கியூபா போய், அங்கிருந்து ஸ்பெயினுக்குக் கப்பலேறினான். 1876-ல் வீகோ துறைமுகத்திலே பிடிபட்டான். அடையாளம் காட்டியது நாஸ்டின் படம்! சிறுவர்களைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல் வரைந்திருந்ததைப் பார்த்து, பிள்ளை பிடிக்கிறவன் என்று ஸ்பெயின் அதிகாரிகள் எண்ணினார்களாம். அமெரிக்கப் போர்க்கப்பல் ஃபிராங்க்ளினில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள்.

உடைந்துபோனவன் 1877-ல் நகர மன்றக் குழுவின் முன்னே எல்லாவற்றையும் சொன்னான். யாருக்கு எவ்வளவு, எந்த ஓட்டுக்கு என்ன விலை என்று. சொன்னால் விடுதலை என்று நம்பியிருந்தான், விடவில்லை. மற்றவர்கள்? மேயர் ஹால் விடுதலையானார். கானலி வெளிநாடு ஓடி அங்கேயே இறந்தார். ஸ்வீனி, இறந்துபோன தம்பியின் பெயரிலே பழியைப் போட்டு 4 லட்சம் டாலர் கட்டிவிட்டுத் தப்பினார். நாற்காலிக்காரன் மகன் மட்டும் 1878 ஏப்ரல் 12-ல், 55-ஆம் வயதில், லட்லோ தெருச் சிறையிலே இறந்தான். கூட்டம் கொள்ளையடித்த தொகை 2 கோடியே 50 லட்சம் டாலரிலிருந்து 4 கோடியே 50 லட்சம் வரை இருக்கலாம் என்று நகர மன்றக் குழு மதிப்பிட்டது. இன்னும் மிக அதிகம் என்பாரும் உண்டு.

இதைவிடப் பெரிய கொள்ளை ஒன்று நடக்க இருந்தது. அதைத்தான் உழைப்பாளர் தோழர்கள் முக்கியமாக அறிய வேண்டும். ட்வீட்டை வீழ்த்திய டில்டன், 1875-ல் நியூயார்க்கின் கவர்னராக இருந்தார். நகர ஆட்சியைச் சீர்திருத்த ஒரு குழு அமைத்தார். அந்தக் குழு 1877-ல் என்ன சொல்லிற்று தெரியுமா? நகரப் பணத்தைச் செலவிடும் அதிகாரம் ஒரு நிதி மன்றத்திடம் இருக்க வேண்டும். அந்த மன்றத்துக்கு ஓட்டுப் போடும் உரிமை சொத்து வரி செலுத்துவோருக்கும் பெரிய வாடகை கொடுப்போருக்கும் மட்டுமே வேண்டும் என்று! மண் வெட்டுகிறவனுக்கு ஓட்டுக் கொடுத்ததாலேதான் ட்வீட் வந்தான். ஆகவே அவன் ஓட்டைப் பறித்துவிடு. இதுதான் வாதம். கணக்குச் சரி என்று சான்று கொடுத்த அறுவர் கோடீசுவரர்கள் என்பதை மறந்தார்கள். மாமூல் கொடுத்த ரயில் முதலாளிகளை மறந்தார்கள். கூலியாளின் ஓட்டு மட்டும் கண்ணிலே பட்டது. சொத்து உள்ளவனுக்கே வாக்கு என்ற நிலை நம் நாட்டிலும் 1951-52 பொதுத் தேர்தலுக்கு முன்பு வரை இருந்ததே. அதன் கொடுமை நமக்குப் புதிதல்ல.

சட்டசபை அந்தத் திருத்தத்தை 1877-ல் ஒரு தடவை நிறைவேற்றியும் விட்டது. மாநில அரசியல் சட்டப்படி அடுத்த சட்டசபையும் நிறைவேற்ற வேண்டும். தொழிலாளரும் டாமனியும் எதிர்த்தார்கள். 1878-ல் அது தோற்றது. நூலிழையிலே தப்பியது நியூயார்க் ஏழையின் வாக்கு. அந்த வாக்கைப் பறிக்க வந்தவர்கள் கையிலே கத்தியை எடுத்துக் கொடுத்தவன் ஏழையின் பகைவனல்ல. ஏழைகள் தோளிலே தூக்கி வந்த ட்வீட்.

அந்த நீதிமன்றக் கட்டடம் தொடங்கி இருபது ஆண்டுக்கு மேலாகி 1881-ல் ஒருவாறு முடிந்தது. இன்றும் நிற்கிறது. அவன் பெயராலேயே ட்வீட் நீதிமன்றக் கட்டடம் என்று மக்கள் சொல்கிறார்கள். 2002-ல் நகரத்தின் கல்வித்துறை அங்கே குடியேறியது.